ஒரு வீட்டை மறைக்கத் தெருவையே அழைத்த கதை

தனிப்பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நம் வேலைக்கு ரகசியப் போலீஸ் என்று பெயர். ஆரணியில் நான் அந்த வேலையைப் பார்த்த காலம் முழுக்க, அது ரகசியம் என்று நம்பிய ஒரே ஆள் நான்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஆட்டோக்காரர், “இன்னா சி.ஐ.டி. சார், இன்னிக்கு எந்தக் கட்சி மீட்டிங்கு?” என்பார். மஃப்டியில் போய் ஒரு போராட்டக் கூட்டத்துக்குள் கலந்து நின்றால், பேசிக்கொண்டிருப்பவர் மைக்கை நிறுத்தி, “ஏட்டையாவுக்கு ஒரு சேர் போடுங்கப்பா, பாவம், கால் வலிக்கும்” என்பார். கட்டம் போட்ட சட்டை, பூப்போட்ட லுங்கி என்று என்ன வேஷம் கட்டினாலும் என் தொப்பையும் போலீஸ் கிராப்பும் எனக்கு முன்னால் போய் அறிமுகம் செய்துகொள்ளும்.

பல வருஷம் இதற்காக வெட்கப்பட்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவை அது ஒரு உயிருக்குப் பயன்பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிரித்துக்கொண்டுதான் எழுதுவேன், பழக்க தோஷம். ஆனால் அந்த நாட்களில் நான் தின்ற சோறு எதுவும் செரிக்கவில்லை.

அப்போது ஊரில் நிஜமான ரகசியப் போலீஸ் ஒருவர் இருந்தார். தலைமையிடத்திலிருந்து வந்த பெண் அதிகாரி. சென்னைக்காரி, ஆன்லைனில் பட்டுப்புடவை விற்கிறவள் என்று சொல்லி, நெசவாளர் தெரு ஒன்றில் மாடி அறை எடுத்துத் தங்கியிருந்தார். வீடு வீடாகப் போய்ப் புடவையைப் பிரித்துப் போட்டுப் படம் எடுப்பார். முந்தானையில் ஜரிகை குறைகிறது என்று சண்டை போடுவார். அந்தத் தெருப் பெண்கள் அவருக்குக் குழம்பு கொடுத்தனுப்புவார்கள். உள்ளூரில் அவர் யார் என்று தெரிந்தவர்கள் இன்ஸ்பெக்டரும் நானும் மட்டும். எனக்கு ஏன் சொன்னார்கள் என்று இன்றுவரை புரியவில்லை. ரகசியத்தைப் பாதுகாக்க ஓட்டைப் பானையைத் தேர்ந்தெடுத்த மாதிரி.

அவர் தேடி வந்தது புடவையை அல்ல. ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்காரர்களைச் செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது ஒரு கும்பல். மேஸ்திரி வேலை, கரும்பு வெட்டு என்று ஆசை காட்டிக் கூட்டிப் போவார்கள். போனவர்களில் சிலர் திரும்பவில்லை. ஆட்களை ஏற்றிப் போன வேன்கள் ஆரணியிலிருந்து கிளம்பின. அந்தத் தெருவிலிருந்த ஒருவர், இதைப் பார்த்தவர், மனசு கேட்காமல் அந்த அதிகாரியிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன நூலைப் பிடித்துக்கொண்டு போனால் அது எங்கள் பகுதியின் ஒரு பெரிய அரசியல் புள்ளியின் வீட்டு வாசலில் போய் முடிந்தது. அதிகாரி அதை மேலே சொன்னார். மேலே போன தகவல் எந்த மாடிப்படியில் வழுக்கி விழுந்ததோ, அது அந்தப் பெரிய புள்ளியின் கைக்கே வந்து சேர்ந்தது.

ஒரு சாயங்காலம் அந்தப் பெரிய புள்ளியின் பொதுக்கூட்டம். பேச்சைக் குறிப்பெடுக்க நான் வழக்கம்போல ஓரமாக, அதாவது எல்லாருக்கும் தெரியும்படி, நின்றிருந்தேன். விலைவாசியில் ஆரம்பித்தவர் திடீரென்று குரலைத் தாழ்த்தினார். மேடைக்குப் பின்னாலிருந்த திரையில் ஒரு பெண்ணின் படம் வந்தது.

“இந்தம்மா யாருன்னு தெரியுதா? உங்க வூட்டுக்கு வந்து பொடவை எடுத்துகினு போச்சே, அதே அம்மாதான். இது பொடவைக்காரி இல்லைங்க. உளவுத்துறை!” என்றார். பெயரைச் சொன்னார். பதவியைச் சொன்னார். “நெய்யறவன் வூட்டுக்குள்ள வேவு பாக்கறாங்க. உங்க சோத்தத் தின்னுட்டு உங்களையே எழுதிகினு போறாங்க!”

கூட்டம் முதலில் புரியாமல் இருந்தது. பிறகு தேனீக்கூட்டில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. அதை மேடையிலிருந்தே அவர் பார்த்துவிட்டார்.

“நம்ம ஏட்டையா அங்கதான் நின்னுகினு இருக்காரு. இன்னா ஏட்டையா, பேரை எழுதிகினீங்களா? இன்னொரு வாட்டி சொல்லட்டா?”

எல்லாரும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாராவது சிரித்தால் உடனே கூடச் சிரிப்பது என் உடம்பின் கோளாறு. சிரித்துக்கொண்டே நகர்ந்து, ஒரு ஜவுளிக்கடைச் சந்துக்குள் போய் அதிகாரிக்கு போன் போட்டேன். அவசரத்தில் விரல் தப்பி முதலில் என் மைத்துனருக்குப் போய்விட்டது. அவரிடம் என் பெண்ணின் கல்யாணச் சமையல்காரரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வைக்க முடிந்தது.

நல்ல வேளை, அதிகாரி அன்று ஆரணிக்குப் பக்கத்து ஊரான சேத்துப்பட்டில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். “ஆரணிக்குத் திரும்பாதீங்கம்மா. ஜல்தியா அப்படியே சென்னைக்குக் கெளம்புங்க. துணிமணிய நான் அனுப்பறேன்” என்றேன்.

  அதற்கு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

“என்னை விடுங்க ஏட்டையா. எனக்கு போறதுக்கு ஊர் இருக்கு. அவருக்கு?”

யாருக்கு என்று கேட்க எனக்கு விருப்பமில்லை. தெரிந்துகொண்டால் அது கசியக்கூடிய இடங்களில் நானும் ஒன்றாகிவிடுவேன். ஆனால் அவர் சொல்லிவிட்டார். “கடைசியா ஒரு மாம்பழக் கலர் பொடவை எடுத்தேனே, உங்ககிட்ட காட்டினேன் இல்ல? அந்த வீடு. பேரை நான் எங்கயும் எழுதல. என் தலையில மட்டும்தான் இருந்துச்சு. இப்போ உங்க தலையிலயும்.”

நிறத்தை மாற்றித்தான் உங்களுக்குச் சொல்கிறேன். கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அதிகாரியின் பெயரை வெளியே சொன்னவர் ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பெயர் வெளிவந்த நொடியில், அந்தப் பெண்ணோடு பேசியவர்கள், சிரித்தவர்கள், தண்ணீர் கொடுத்தவர்கள் அத்தனை பேர் மேலும் ஒரு டார்ச் அடித்த மாதிரி ஆகிவிட்டது. யார் சொன்னது? எந்த வீடு? இதுதான் இனிமேல் கேள்வி. அதிகாரிக்கு இலாகா இருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்கு ஒரு தறியும் இரண்டு பிள்ளைகளும்தான் இருந்தார்கள்.

மறுநாள் காலை அந்தத் தெருப்பக்கம் போனேன். தறியில் ஏற்றப்போகிற பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவு நீட்டியிருக்கும்போது அந்தத் தெருவுக்குள் வண்டி போகாது; கலெக்டர் வந்தாலும் இறங்கி நடந்துதான் போக வேண்டும். அதனால் ஒரு வெள்ளைக் கார் தெருமுனையில், டீக்கடை ஓரமாக நின்றிருந்தது. பக்கத்தில் ஊருக்குப் புதிய ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டீ எப்போதோ ஆறிப் போயிருந்தது. கண் மட்டும் தெருவில் ஒவ்வொரு கதவாகப் போய்க்கொண்டிருந்தது.

அவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு உடனே புரியவில்லை. ஸ்டேஷனுக்குப் போனதும் புரிந்தது.

இன்ஸ்பெக்டர் இளைஞர். நல்லவர், துடிப்பானவர். ஜீப்பைக் கிளப்பச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “மேலேயிருந்து ஆர்டர் ஏட்டையா. தகவல் குடுத்தவருக்கு உடனே பாதுகாப்பு போடணும். எந்த வீடுன்னு உங்களுக்குத் தெரியும்னு அந்த மேடம் சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரைத் துப்பாக்கியோட அனுப்பறேன். வண்டியில ஏறுங்க.”

நான் ஏறவில்லை.

“சார், அந்த டீக்கடையில நிக்கறானுங்களே, அவனுங்களுக்கு எந்த வூடுன்னு தெரியாது. நம்ம ஜீப்பு எந்த வூட்டு முன்னாடி நிக்கும்னு பாக்கத்தான் நின்னுகினு இருக்கானுங்க.”

“அதுக்காக சும்மா இருக்கச் சொல்றீங்களா? அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? நீங்களா?”

நியாயமான கேள்வி. ஆனால் நம் தொழிலில் மட்டும் நடக்கக்கூடிய தப்பு இது, நன்றாக மனசில் வையுங்கள்: காப்பாற்றப் போகிற போலீஸ்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பாதுகாப்பு என்று ஒரு வாசலில் இரண்டு துப்பாக்கியை நிறுத்தினால், அந்த வாசலுக்கு மேல் ஒரு போர்டு மாட்டியதாக அர்த்தம். இரண்டு துப்பாக்கியும் எத்தனை நாள் நிற்கும்? தேர்தல் வந்தால் பந்தோபஸ்துக்குப் போய்விடும். போர்டு மட்டும் தங்கிவிடும்.

கூட இருந்த ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வேறு யோசனை சொன்னார். அந்தச் செம்மரப் புரோக்கர் கும்பலிலேயே ஒருவன் குடித்துவிட்டு உளறுகிறவன். “அவன்தான் சொன்னான்னு ரெண்டு எடத்துல கெளப்பி விடுவோம் சார். அவனுங்களுக்குள்ளயே அடிச்சிகினு சாவட்டும்.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. ஒரு நிமிஷம், கும்பலுக்குள் ஒரு பொய்ப் பெயரைத் தள்ளிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கலாம் என்று தோன்றியது. பிறகு நேற்றுச் சாயங்கால மேடை ஞாபகம் வந்தது. அங்கே ஒரு பெயரைச் சொல்லி ஒரு உயிரை ஆபத்தில் போட்டார்கள். இங்கே இன்னொரு பெயரைச் சொல்லி இன்னொரு உயிரை. மைக் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். “வேணாம் சார். அவன் அயோக்கியன்தான், ஆனா இதுக்கு அவன் சாவக் கூடாது” என்றேன்.

“அப்போ என்னதான் செய்யணும்கிறீங்க?”

அந்த நேரத்தில் எனக்கு வந்த யோசனைக்கு மூளை காரணமில்லை. என் மனைவி காரணம். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள், “பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்து மூலையில கெடக்குது. ஊர் வேவு பாக்க நேரம் இருக்குது, சொந்தக்காரன் வூட்டுக்குப் போவ நேரம் இல்லை” என்று திட்டியிருந்தாள்.

கல்யாணப் பத்திரிகை வைக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு தெருவில் ஒரு வீட்டுக்கு வைத்தால் பக்கத்து வீட்டைத் தாண்டிப் போக முடியாது. தாண்டினால் அது பகை. உள்ளே கூப்பிடுவார்கள், உட்கார வைப்பார்கள், தண்ணீராவது குடிக்காமல் விட மாட்டார்கள். புருஷன் பெண்டாட்டி இருவரும் போக வேண்டும். எந்த வீட்டுக்குள் எவ்வளவு நேரம் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

“சார், ஜீப்ப நிறுத்துங்க. மத்தியானம் வரைக்கும் எனக்குக் குடுங்க, அந்தத் தெரு முழுக்கக் கல்யாணப் பத்திரிகை வச்சிட்டு வரேன். அதுவரைக்கும் மெயின் ரோட்டுல லைசென்ஸ் செக்கிங் போடுங்க, எல்லா வண்டிக்கும். டீக்கடை ஓரமா நிக்கற வெள்ளக் காருக்குன்னு தனியா போட்ட மாதிரி தெரியக் கூடாது” என்றேன்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். “ஏட்டையா, இது தப்பாப் போச்சுன்னா?”

“நான் ரிட்டயர்டு ஆவறதுக்கு முன்னாடியே என்னை ரிட்டயர்டு பண்ணிடுங்க சார்” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, தப்பாகப் போனால் போவது என் வேலை அல்ல, இன்னொருவர் உயிர் என்பது எனக்குத் தெரியும். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

மனைவியிடம், “பட்டுப்புடவை கட்டிக்கோ, குங்குமம் சந்தனம் எடுத்துக்கோ, ஒரு தெரு முழுக்கப் பத்திரிகை வைக்கணும்” என்றேன்.

“எந்தத் தெரு?”

சொன்னேன்.

“அங்க நமக்கு யாருய்யா இருக்கா? சமையல்காரனுக்கு சொன்ன கணக்கு இன்னா, நீ தெருவையே கூப்படறது இன்னா? பேஜாரு புடிச்ச மனுஷன்!” என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தாம்பாளத்தை எடுத்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. போலீஸ்காரனோடு குடித்தனம் செய்தால் எதைக் கேட்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்துவிடும்.

முதல் வீட்டு வாசலில் நின்றபோது அந்த வீட்டுக்காரர் கதவை முழுசாகத் திறக்கவில்லை.

“இன்னா ஏட்டையா, வாரண்டா?”

“ஆமாங்க. குடும்பத்தோட மண்டபத்துல ஆஜராவணும். வரலைன்னா பந்தியில ஒக்கார வச்சி ஜாமீன் இல்லாத பொங்கல் போட்டுடுவோம்.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கதவு திறந்தது. இப்படித்தான் வீடு வீடாகப் போனோம். எல்லா இடத்திலும் நல்ல வரவேற்பு என்று நினைக்காதீர்கள். ஒரு வீட்டில் ஒரு அம்மா குங்குமத்தை வாங்கிக்கொள்ளாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

“அந்தப் பொண்ணுக்கு நான் கருவாட்டுக் கொழம்பு குடுத்தனுப்பினேன்யா. காய்ச்சல்ல கெடந்தப்போ கஞ்சி வச்சிக் குடுத்தேன். எம் பொண்ணாட்டம் நெனைச்சேன். அது எங்களை எழுதிகினு போயிருக்குது. நீயும் அதே கூட்டம்தானே? இப்ப உம் பொண்ணு கல்யாணத்துக்கு நான் வரணுமா?”

இதற்கு என்னிடம் ஜோக் எதுவும் இல்லை. அந்த அம்மா கேட்டதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நம் வேலையில் பொய்ப் பெயரோடு வாங்கித் தின்ற சோறும் நிஜச் சோறுதான். அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. என் மனைவிதான் குனிந்து, “வராட்டி பரவால்லக்கா. குங்குமத்த மட்டும் எடுத்துக்கோங்க. பொண்ணு நல்லா இருக்கட்டும்னு நெனைச்சிக்கோங்க” என்றாள். அந்த அம்மா ரொம்ப நேரம் கழித்து எடுத்துக்கொண்டார்.

இதற்குள் டீக்கடையிலிருந்து ஒருவன் கிளம்பி வந்து எங்களுக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தான். நாங்கள் ஒரு வீட்டுக்குள் போனால் எதிர் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்பான். நாங்கள் வெளியே வந்தால் அவனும் நகர்வான். ஒரு கட்டத்தில் நேராக எதிரில் வந்து, பல்லைக் காட்டினான்.

“எங்களுக்கெல்லாம் பத்திரிகை இல்லையா ஏட்டையா?”

“உனக்கு இல்லாமலா? கட்டாயம்!” என்று ஒரு பத்திரிகையை எடுத்து, உறைமேல் எழுதப் பேனாவைத் திறந்தேன். “பேரு இன்னான்னு போடட்டும் தம்பி?”

அவன் வாயைத் திறந்தான், மூடினான். பக்கத்தில் பாவு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். நேற்று ஒரு பெண்ணின் பெயரை மைக் வைத்துச் சொன்ன கூட்டத்தின் ஆள், தன் பெயரைச் சொல்ல இப்படித் தவித்ததை நான் வேறு எப்போதாவது பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

“சும்மா… நண்பர்னு போடுங்க” என்றான்.

‘நண்பர்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவன் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

பிறகு அந்த வீடு வந்தது.

உள்ளே தறி ஓடவில்லை. வீட்டுக்காரம்மா என் மனைவியைக் கூடத்தில் உட்கார வைத்தார். நான், “நெய்யறத கொஞ்சம் பாக்கலாமா?” என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே தறி இருந்த அறைக்குள் போனேன். வீட்டுக்காரர் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை, ஜிப் மூடாமல் பிதுங்கிக்கொண்டு இருந்தது. என்னைப் பார்த்ததும் குழியிலிருந்து எழப் பார்த்தார்.

“தறியை ஓட்டுங்க” என்றேன்.

“கால் நடுங்குது ஏட்டையா. மிதிக்க முடியல.”

“மெதுவா ஓட்டுங்க. சத்தம் வரட்டும்.”

சத்தம் வந்தது. அதற்குள் மறைந்துகொண்டு பேசினேன். “அந்தம்மா உங்க பேர யாருக்கும் சொல்லல. எங்கயும் எழுதல. அவனுங்களுக்குத் தெரியாது. தேடிகினுதான் இருக்கானுங்க.”

“நாங்க இன்னிக்கே பெரணமல்லூர் போயிடறோம். மச்சான் வூடு இருக்குது.”

“போவாதீங்க. இன்னிக்கு இந்தத் தெருவுல எந்த வூடு பூட்டியிருக்கோ, அதுதான் அந்த வூடுன்னு அவனுங்க முடிவு பண்ணுவானுங்க.”

“பசங்களையாவது?”

“பசங்க எப்பவும் போல ஸ்கூலுக்குப் போவட்டும்.”

 யோசித்துப் பாருங்கள். ஓடத் துடிக்கிற ஒரு மனிதரை, பிள்ளைகளோடு அதே இடத்தில் உட்கார் என்கிறேன். என் கணக்கு தப்பாக இருந்தால்? அவர் பெயர் ஏற்கெனவே வேறு வழியில் போயிருந்தால்? எனக்கு நிச்சயமாக ஒன்றும் தெரியாது. நிச்சயம் தெரிந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவர் என்னை நம்பினாரா, வேறு வழியில்லாமல் தலையாட்டினாரா என்று இன்றும் தெரியாது. பையை இழுத்துத் தறிக்கு அடியில் தள்ளிவிட்டார். நான் கூடத்துக்கு வந்து தண்ணீரைக் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனேன்.

மத்தியானத்துக்குள் தெரு முடிந்தது. லைசென்ஸ் செக்கிங் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோ என்னவோ, வெள்ளைக் காரும் போய்விட்டது. ஒரு தெரு முழுக்கப் போலீஸ்காரன் கால் பட்ட வீடுகள். எந்த வீட்டை அவர்கள் சந்தேகப்பட முடியும்? வீட்டுக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே சாய்ந்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது, மனைவி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

“எல்லார் வூட்லயும் ஜோக்கு அடிச்சிகினே வந்தே. அந்தக் கருவாட்டுக் கொழம்பு அக்கா வூட்லகூடக் கெளம்பறப்போ எதையோ சொல்லிட்டுதான் வந்தே. அந்த ஒரு வூட்லேருந்து மட்டும் வாயே தொறக்காம வந்தே.”

தட்டைத் தள்ளி வைத்தேன். எந்த வீடு என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.

அவளுக்குத் தெரிந்தது எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றவனுக்குத் தெரிந்திருக்காதா? ஒவ்வொரு வாசலிலும் சிரிப்புச் சத்தத்தோடு வெளியே வந்த நான், ஒரு வாசலிலிருந்து மட்டும் செத்த வீட்டுக்குப் போய் வந்தவன் மாதிரி வெளியே வந்திருக்கிறேன். தெருவையே கூப்பிட்டு மறைத்ததை, மூஞ்சியை வைத்தே காட்டிக்கொடுத்துவிட்டேனா? புதியவர்களே, பொய் சொல்வது நம் தொழிலில் சுலபம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதுதான் கஷ்டம். ஒருவரைக் காப்பாற்ற நினைத்தால் அவரிடம் மட்டும் தனியாக எதையும் செய்யாதீர்கள். அனுதாபத்தைக்கூட.

கல்யாணம் வரை நான் எப்படி இருந்தேன் என்று என் சர்க்கரை டாக்டரைக் கேளுங்கள். திரும்ப அந்தத் தெருவுக்குள் போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. தினமும் தெருமுனை வரை போய், யாரோடாவது பேசுகிற மாதிரி நின்று, அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதைப் பார்த்துவிட்டு வருவேன். வெளியே பெரிய ரகளை நடந்துகொண்டிருந்தது. டிவியில் தினமும் விவாதம். ஆளுங்கட்சி எதிர்க்கட்சியைச் சொன்னது, எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைச் சொன்னது. அதிகாரியின் முகத்தை ஊரெல்லாம் பார்க்கும்படி காட்டிவிட்டு, பிறகு ஒரு நாள் அதை மங்கலாக்கிக் காட்டினார்கள். எங்கள் இலாகாவில் விசாரணை நடந்தது. என்னையும் கூப்பிட்டு, நான் யாரிடமாவது சொன்னேனா என்று கேட்டார்கள். அந்தப் பெரிய புள்ளியிடம் பத்திரிகையாளர்கள், “இந்தத் தகவலை உங்களுக்கு யார் கொடுத்தது?” என்று கேட்டபோது அவர் மிகவும் பெருந்தன்மையாகச் சொன்னார்: “நம்பிச் சொன்னவங்க பேரை வெளியில சொல்றது தர்மம் இல்லைங்க.” நான் டிவியை அணைத்துவிட்டேன். இத்தனை சத்தத்தில் ஒருவரும், அந்த அதிகாரியிடம் பேசியவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கவில்லை. ஒருவகையில் அதுவும் நல்லதுதான்.

கல்யாணத்தன்று தெருவே வந்தது. சமையல்காரர் என்னைக் கொலை செய்கிற மாதிரி பார்த்தார். கருவாட்டுக் குழம்பு அம்மாவும் வந்து, என்னிடம் பேசாமல் பெண்ணை மட்டும் ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். ‘நண்பர்’ வந்திருந்தான். முதல் பந்தியில், வாசலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து, வருகிறவர்களையும் அவர்களை வரவேற்கும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். அப்போதுதான் அந்த வீட்டுக்காரர், மனைவி பிள்ளைகளோடு வாசலுக்கு வந்தார். புதுச்சட்டை. கையில் பரிசு டப்பா. நடை மட்டும் தண்ணீருக்குள் நடப்பவர் மாதிரி.

 என்ன சொல்வது? எந்த ஜோக்கும் வரவில்லை. ஆயுசு முழுக்க வேண்டாத இடத்திலெல்லாம் வந்து மானத்தை வாங்கிய வாய், வேண்டிய இடத்தில் வறண்டு கிடந்தது. நண்பர் மெல்லுவதை நிறுத்தினான்.

“பாருங்கய்யா பாருங்க!” என்று கத்தினேன். “பத்திரிகை வைக்கப் போனப்போ வெறும் தண்ணியக் குடுத்து அனுப்பின மனுஷன், பந்திக்கு மட்டும் குடும்பத்தோட வந்துட்டாரு! யோவ், இவருக்கு மட்டும் தண்ணிய எலையில ஊத்துங்கப்பா!”

என் வாழ்க்கையிலேயே மட்டமான ஜோக் அது.  ஆனால் அவர் சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “போங்க ஏட்டையா, ஒங்க பொண்ணாவது ஒங்க கிட்டேருந்து தப்பிச்சிதே!” என்றார். நானும் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். மற்றவர்கள் கையைப் பிடித்த அளவுக்குத்தான் அவர் கையையும் பிடித்தேன். அது ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. என்னுடையது எப்படி இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

நண்பர் இலைப்பக்கம் குனிந்து, “பாயசம் இன்னொரு வாட்டி ஊத்து” என்றான்.

அந்தத் தெருவுக்கு அவர்கள் பிறகு வரவில்லை என்பதும், அந்தக் குடும்பம் நன்றாக இருக்கிறது என்பதும் பிற்பாடு தெரிந்த விஷயங்கள். அப்போது எனக்குத் தெரியாது. அவர் பந்தியில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, மண்டபத்தின் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. சொந்தக்காரர்கள் ஓடி வந்தார்கள். பெண்ணைப் பெற்றவனுக்குப் பிரிவு தாங்கவில்லை என்று நினைத்து, “அழுவாதீங்க மாமா, பொண்ணு பக்கத்துல தெள்ளார்லதானே இருக்கப் போவுது” என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.